அழாத நாற்பத்தெட்டுக் கண்கள்

பத்துக் கிலோ சின்ன வெங்காயத்தை என் முன்னால் கொட்டுங்கள், கதை பேசிக்கொண்டே உரித்துத் தருகிறேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. நான் மிளகாய் வறுத்தால் தெருவே தும்மிக்கொண்டு ஓடும். நான் மட்டும் கரண்டியும் கையுமாக அடுப்படியில் நிற்பேன். கல்யாண வீடுகளில் இதனால் எனக்கு ஏக மரியாதை. வெங்காயமா, வசுமதியிடம் விடுங்கள் என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இழவு வீட்டில்தான் சிக்கல். என் மாமியார் போனபோது எனக்கு உண்மையிலேயே துக்கம். பதினாறு வருஷம் ஒரே அடுப்படியில் சண்டை போட்ட மனுஷி. இனி யாரோடு சண்டை போடுவது என்று நெஞ்சை அடைத்தது. ஆனால் கண்ணில் ஒன்றுமே இல்லை. பந்தல் முழுக்கச் சாம்பிராணிப் புகை. மாமியாரை ரெண்டே தடவை பார்த்த எதிர்வீட்டுக்காரி தாரை தாரையாக ஊற்றுகிறாள். நான் காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தேன். கருமாதி முடிந்து பந்தி நடக்கும்போது, என் வீட்டுக்காரரின் தங்கை துளசிமணி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"எங்கம்மாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூட உங்களுக்கு வக்கில்லையா நங்கை?"

எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கப்புறம் மூன்று வருஷம் அவள் என்னை அப்படியும் கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவில்லை.

நான் வேலை பார்த்தது பெருந்துறையைத் தாண்டி ஒரு சோதனைச்சாலையில். வாசல் பலகையில் பெரிய கண் ஒன்று வரைந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாரத்துக்கு ரெண்டு பேராவது கண்புரைக்கு மருந்து கேட்டு வந்துவிடுவார்கள். இது ஆஸ்பத்திரி இல்லை, சோப்பும் சாயமும் கண்ணுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்கிற இடம் என்று வாட்ச்மேன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

அந்தக் காலத்தில் இதற்கு முயலைப் பிடித்து வைத்து அதன் கண்ணில் ரசாயனத்தை விட்டுப் பார்த்தார்களாம். எங்கள் தலைமுறைக்கு அந்தப் பாவம் இல்லை. எங்களிடம் இருந்தது தட்டு. ஒரு தட்டில் நாற்பத்தெட்டுக் குழி. ஒவ்வொரு குழியிலும் மனுஷ செல்லிலிருந்து வளர்த்த ஒரு கண். முழுக் கண் இல்லை. கருவிழியின் மேல்தோல், கடுகளவு கண்ணீர்ச் சுரப்பி, முடியளவு நரம்பு, அவ்வளவுதான். அதற்குப் பார்க்கத் தெரியாது, எரிந்தால் அழத் தெரியும். ஒரு சொட்டு ரசாயனம் விட்டால் எவ்வளவு அழுகிறது என்று மெஷின் அளந்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். பத்துக்குக் கீழே வந்தால் கண்ணுக்குக் கேடில்லை என்று சான்றிதழ். பத்தைத் தாண்டினால் தட்டில் மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கில் பார்க்கவேண்டும். எங்கெல்லாம் புண்ணோ அங்கெல்லாம் பச்சையாக மின்னும். அழாத கண்ணுக்குச் சாயம் வேண்டியதில்லை என்பது விதி. எரியாமல் எப்படிப் புண்ணாகும் என்று விதி எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள், அதிலும் தப்பில்லை.

எல்லாத் தட்டையும் ஒரே ஆளுடைய செல்லிலிருந்துதான் வளர்க்கவேண்டும். அப்போதுதான் போன வருஷத்து மார்க்கையும் இந்த வருஷத்து மார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கமுடியும். அந்த முதல் செல்லுக்குத் தாய்ச்செல் என்று பெயர். உறைபெட்டிக்குள் சின்னக் குப்பி, மேலே ஒரு லேபிள். தலைமையகத்தில் எங்கோ தேர்ந்தெடுத்த ஆள், பெயரெல்லாம் ரகசியம் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆள் நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

எல்லாம் ஆயுத பூஜையால் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்து ஆறே மாசம். சோதனைச்சாலையும் புதுசு, கார்த்திகையில்தான் முதல் சோதனை என்று ஏற்பாடு. பூஜை வேலை முழுக்க என் தலையில். எங்கள் வீட்டில் தறி ஓட்டிய காலத்திலிருந்து பழக்கம், ஆயுத பூஜை அன்றைக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாது. வருஷம் முழுக்க உழைத்ததற்கு ஒருநாள் ஓய்வு. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சுவிட்சை அணைத்துவிட்டுக் கும்பிடுவோம். மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து மறுபடி ஓட்டுவோம். அப்படியே செய்தேன், ரொம்ப பக்தியாகச் செய்தேன். நுண்ணோக்கிக்கு ஒரு பொட்டு, கணினிக்கு ஒரு பொட்டு, உறைபெட்டிக்கு மூன்று பொட்டு. எல்லாவற்றையும் அணைத்தேன்.

விஜயதசமி அன்று உறைபெட்டியைத் திறந்தால் தண்ணீர். தாய்ச்செல் செத்துப் போயிருந்தது.

தலைமையகத்தில் கேட்டால் இன்னொரு குப்பி தருவார்கள். கூடவே என்னை வீட்டுக்கும் அனுப்புவார்கள். அப்போது எனக்கு அந்த வேலை உயிர். அழுதுவிடலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, என் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் நாலு தடவை சுரண்டினேன். கன்னத்துச் செல்லைக் கண் செல்லாக மாற்றுகிற மெஷின் கையருகிலேயே இருந்தது. நாற்பது நாள். லேபிளை மட்டும் பழைய குப்பியிலிருந்து உரித்து ஒட்டினேன்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சோதனை ஆரம்பிக்குமுன் ஒரு சோப்புத் தண்ணீர் விட்டுச் சரிபார்க்கவேண்டும். ஒழுங்கான கண் அதற்கு அறுபது மார்க் அழும். என் கண் இருபத்திரண்டு அழுதது. மெஷின் புதுசு, அதான் இப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அறுபத்தொன்று என்று எழுதினேன். மனசுக்குள் இன்னொரு நினைப்பும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். என் கண் நல்ல கண், கெட்டியான கண் என்ற அந்தப் பாழாய்ப்போன கர்வம்.

பன்னிரண்டு வருஷம் ஓடியது. நான் சோதனை அலுவலர் ஆனேன். இருநூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்களில் என் கையெழுத்து. எங்கள் சோதனைச்சாலைக்கு நல்ல பெயர், வருகிற சரக்கெல்லாம் தேறிவிடுகிறதே.

போன வருஷம் ஒரு புதுச் சாயக்கட்டி, அதாவது துணியில் சாயத்தைப் பிடித்துவைக்கிற ரசாயனம், வந்தது. துணியில் சாயம் ஒட்ட ஒரே அலசு போதும், தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான் ஆகும், ஆற்றில் சாயம் ஓடாது. வெள்ளையாக, தளதளவென்று இருக்கும். சாயப்பட்டறைப் பெண்கள் அதற்கு மோர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் மோர் தேறவேண்டும் என்று ஆசை, எனக்கும்தான். தட்டில் விட்டேன். மார்க் நாலு. கையெழுத்துப் போட்டேன். முதலில் ஒரே ஒரு பட்டறையில் மூன்று மாசம் வெள்ளோட்டம், அதற்கடுத்த ஒன்றாம் தேதி முதல் எல்லாப் பட்டறைக்கும் என்று முடிவானது.

வெள்ளோட்டம் நடந்த பட்டறையில்தான் துளசிமணி வேலை செய்தாள்.

ஒன்றாம் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, வாசலில் ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் கூப்பிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு துளசி நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நங்கை" என்றாள். மூன்று வருஷத்துக்கப்புறம்.

மோர் டிரம்முக்குப் பக்கத்தில்தான் அவளுக்கு வேலையாம். சூடாக்கும்போது ஆவி முகத்தில் அடிக்குமாம். ரெண்டு மாசமாகக் கண் எரிகிறது, காலையில் எழுந்தால் எல்லாம் மூட்டமாகத் தெரிகிறது. அவளுக்கு மட்டுமில்லை, ஷிப்டில் பாதிப் பேருக்கு. டாக்டர் அலர்ஜி என்கிறார். சூப்பர்வைசர் சான்றிதழைத் தூக்கிக் காட்டுகிறார்.

"அதுல உங்க கையெழுத்து இருக்குதுங்க. அதான் நேரா உங்களையே கேட்டுப்போடலாம்னு வந்தேன். மோரா, இல்லையா?"

நாற்பத்தெட்டுக் கண்ணில் பார்த்தாயிற்று, நாலே மார்க்தான், மோராக இருக்காது என்று சொன்னேன். அதிகாரி குரலில் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். "நமக்குள்ள ஆயிரம் இருக்கட்டுமுங்க. வேலைல நீங்க பொய் சொல்லமாட்டீங்க. நீங்க சொன்னாச் சரி, நான் ஷிப்டுக்குப் போறேன்."

அந்த நேரம் பார்த்து, பின்பக்கத்து மில்லில் மிளகாய் அரைக்க ஆரம்பித்தார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தது. வாட்ச்மேன் துண்டால் மூஞ்சியை மூடிக்கொண்டார். துளசி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முந்தானையால் கண்ணைப் பொத்தினாள். அந்தக் கண்ணை அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைப் பகுதியே இல்லை, அத்தனையும் சிவப்பு. நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

"மேடத்துக்கு மட்டும் கண்ணு இரும்புல அடிச்சதுங்க" என்று வாட்ச்மேன் துண்டுக்குள்ளிருந்து சிரித்தார்.

தினமும் கேட்கிற கேலிதான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. துளசி பஸ் ஏறிப் போய்விட்டாள், நான் வாசலிலேயே நின்றேன். தட்டில் இருப்பது யார் கண்?

மறுநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு புதுத் தட்டு ஒன்றை எடுத்தேன். மோரை விட்டேன். மார்க் நாலு. ஒரு கண்ணும் அழவில்லை. விதிப்படி அதோடு விட்டுவிடலாம். நான் மஞ்சள் சாயத்தை விட்டு, நீல விளக்கைப் போட்டேன்.

நாற்பத்தெட்டும் பச்சை. ஓரத்தில் ஒரு கீறல், நடுவில் ஒரு புள்ளி என்றெல்லாம் இல்லை. மேல்தோல் மொத்தமும் வெந்து போயிருந்தது. வெந்துகொண்டிருக்கும்போதே மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கின்றன. இருநூற்றுப் பன்னிரண்டு என்று வாய் தானாக முணுமுணுத்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பெயர் நாச்சிமுத்து. மஞ்சள் காட்டுக்கு மருந்தடிக்கிற ட்ரோன்களைப் பழுது பார்ப்பவர். விளம்பரத்தில் நாய்க்குட்டி தொலைந்தாலே அழுகிற மனுஷன். ஆயுத பூஜை வரைக்கும் சொல்வதற்குள் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துளசியின் கண்ணைப் பற்றிச் சொன்னபோது தேம்பித் தேம்பி அழுதார். ரெண்டு பேருக்குமாகச் சேர்த்து அவரே அழட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு, நாளைக்கு அவளுக்கு எத்தனை மணி ஷிப்ட் என்று மட்டும் கேட்டார். காலை எட்டு என்றேன்.

காலை ஏழரைக்கே எங்கள் தலைமை அதிகாரி டாக்டர் சம்பூர்ணத்தின் முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா கெட்டவர் இல்லை, என்னைத் திட்டக்கூட இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வசுமதி, தலைமையகத்துலேருந்து புதுத் தாய்ச்செல் வாங்கிடலாம். நாப்பது நாள்ல மறுசோதனை. மோரை அப்ப நாமே வாபஸ் வாங்கினதா இருக்கட்டும். உன் பேரு வராது, இந்த இடமும் தப்பிக்கும்."

"இன்னிக்கு எட்டு மணி ஷிப்டுங்க மேடம்" என்றேன்.

மோர் நின்றால் ஆற்றில் மறுபடி சாயம் ஓடும் என்றார். அதுவும் உண்மைதான். நாற்பது நாள் என்பது நியாயமான கணக்குத்தான், தட்டில் இருக்கிற கண்ணுக்கு. சான்றிதழ்களை மேற்பார்க்கிற வாரியத்துக்கு எல்லாவற்றையும் எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டு அவர் எதிரிலேயே அனுப்பினேன். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

சூப்பர்வைசர் கேட்டிலேயே மறித்தார், சான்றிதழ் இருக்கிறதே என்றார். அந்தச் சான்றிதழே நான்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன். துளசி டிரம்மைத் திறக்கப் போகிற நேரம். அவள் கையைப் பிடித்தேன். சுற்றிலும் பெண்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன், பூஜை, கன்னம், லேபிள், அறுபத்தொன்று, பச்சை எல்லாம்.

"அப்ப முந்தாநாளு எங்கிட்டச் சொன்னது பொய்யிங்களா?"

"முந்தாநாள் தெரியாமச் சொன்னேன் துளசி. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி தெரிஞ்சே ஒரு பொய் எழுதினேன். அதோட பலன்தான் உன் கண்ணுல இருக்குது."

அவளுடைய கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அடிப்பாள் என்றுதான் நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

"எங்கம்மா எழவுல..." என்று ஆரம்பித்தாள். "அதுவும் இதுதானுங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமல்லோ."

கையுறையை உருவிக் கீழே போட்டுவிட்டு அவள் வெளியே நடந்தாள். அவள் பின்னாலேயே முப்பது பெண்களும் நடந்தார்கள்.

அப்புறம் விசாரணை. இருநூற்றுப் பன்னிரண்டு சான்றிதழும் ரத்து. அதில் நூற்றுத் தொண்ணூறு சரக்கு மறுசோதனையில் ஒழுங்காகவே தேறின. மீதி இருபத்திரண்டு தேறவில்லை. அந்த இருபத்திரண்டையும் கையாண்ட ஊர்களின் பட்டியலை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். என் உரிமம் போயிற்று, இனி எந்தச் சோதனைச்சாலையிலும் நான் வேலை பார்க்கமுடியாது. அதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை புகார் கிடையாது. மோரின் கலவையை மாற்றி, ஆவி வராத மூடிய டிரம்மில்தான் ஓட்டவேண்டும் என்று ஆக்கினார்கள். ஒரே ஆளின் செல் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு தட்டில் எட்டுப் பேருடைய கண். அதில் ஒரு வரிசை நாச்சிமுத்துவுடையது. குழாய்த் தண்ணீர் விட்டால்கூட அந்த வரிசை அழத் தயாராகிவிடும் என்று அங்கே கேலி பேசுகிறார்களாம்.

விசாரணைக்காக என் கண்ணையும் பரிசோதித்தார்கள். டாக்டர் மஞ்சள் சாயம் விட்டு, நீல விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"பிறவியிலேயே உங்க கண்ணுல நரம்பு பாதிதாம்மா. சுரப்பியும் ரொம்பச் சின்னது. துக்கத்துக்கும் கண்ணீர் அங்கேயிருந்துதான் வரணும், எப்படி வரும்? எரியறது உங்களுக்குத் தெரியாதே தவிர, எரியாம இல்ல."

திரையைத் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டு வருஷத்துத் தெறிப்பும் ஆவியும் அங்கே இருந்தன. ரெண்டு கண்ணும் பச்சை. நாற்பத்தொன்பது, ஐம்பது என்று எண்ணிக்கொண்டேன். பார்வை இன்னும் இருக்கிறது, காப்பாற்றிக்கொள்ளவேண்டுமானால் ஆயுசுக்கும் ஒரு நாளைக்கு ஆறு வேளை கண்ணீர்ச் சொட்டு மருந்து விடவேண்டும் என்றார். இப்போது என் இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி அந்தப் புட்டி எப்போதும் இருக்கும்.

துளசிக்கு அன்றைக்கே வேலையை நிறுத்தி, சரியான மருந்தை ஆரம்பித்தார்கள். வலது கண் தெளிந்துவிட்டது. இடது கண்ணில் நிழல் மட்டும்தான் தெரிகிறது. இன்னும் ஒரு மாசம் முன்னால் வந்திருந்தால் அதுவும் தெளிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நான் அறையில்தான் இருந்தேன். துளசி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் தினமும் அவள் வீட்டுக்குப் போய் மருந்து விட்டுவிட்டு வந்தேன். முதல் மாசம் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் காட்டுவாள். ரெண்டாம் மாசம் காபி கேட்டாள், எனக்கும் சேர்த்தே போட்டேன்.

போன தை மாசம் அவள் மகளுக்குக் கல்யாணம். வெங்காயம் நான் உரிக்கவில்லை, டாக்டர் திட்டுவார். சாயங்காலம் பெண்ணைக் காரில் ஏற்றும் நேரம். மண்டப வாசலில் பொம்பளைகள் அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து முகூர்த்தத்திலிருந்தே நிறுத்தவில்லை. எனக்கு நெஞ்சு கனத்தது. அந்தப் பெண்ணைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவள் நான். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை, அதோடு கண் உறுத்துகிற மாதிரி இருந்தது. நாலாவது வேளை மருந்து நேரம். தூணோரம் திரும்பி, அண்ணாந்து மருந்து விட்டேன். அவசரத்தில் ரெண்டு சொட்டு கூட விழுந்து கன்னத்தில் வழிந்தது.

"அட, வசுமதியே அழுவறாளே" என்றார் பெரியத்தை. மாமியார் கருமாதியில் துளசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்ட அதே பெரியத்தை. ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மருந்துங்க அத்தை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்தக் கண் விஷயத்தில் இனி ஒரு பொய்யும் கிடையாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம். அதற்குள் துளசி வந்துவிட்டாள். ஒற்றைக் கண்ணால் என் முகத்தைப் பார்த்தாள், என் கையில் இருந்த புட்டியைப் பார்த்தாள். தன் கையால் என் விரல்களை மடக்கிப் புட்டியை மூடினாள்.

"ஆமாங்க பெரியத்தை, எங்க நங்கைக்கு மனசு தாங்காதுங்க" என்றாள், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி.

பிறகு என் காதருகில் குனிந்து, "இந்தப் பக்கம் ஒண்ணும் வரலை. இன்னும் ரெண்டு சொட்டு ஊத்திக்குங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

ஊற்றிக்கொண்டேன். கார் கிளம்பியது. எல்லாரும் கையசைத்தோம். போட்டோவுக்கு நிற்கக் கூப்பிட்டபோது நான் சுற்றிக்கொண்டு போய் அவளுடைய வலது பக்கம் நின்றேன். இடது பக்கம் நின்றால் அவளுக்கு என்னைத் தெரியாது.